என் முறையில் அவன் எப்படி அடிக்கலாம்?

போன சனிக்கிழமை எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு சண்டை. வாள்சண்டை இல்லை, வாய்ச்சண்டை. அக்காவின் மகனும் அவனுடைய மூன்று நண்பர்களும் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாடினார்கள். கதை நடத்தியது நான். அவனுடைய மந்திரவாதிக்குப் பக்கத்தில் ஒரு பூதம் நின்றது. அவன் மந்திரவாதியைத் தூக்கி ஆறு கட்டம் தள்ளி வைத்தான். நான் பகடையை உருட்டினேன். பூதத்தின் அடி விழுந்துவிட்டது.

“மாமா, இது என்ர முறை! அவன் எப்பிடி இடையில அடிக்கலாம்?”

நல்ல கேள்வி. இந்த அடிக்கு ‘ஒப்பர்சூனிட்டி அட்டாக்’ என்று பெயர். வாய்ப்பு அடி என்று சொல்லலாம். இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலில் உண்மையான போருக்குப் போவோம். ஒஸ்லோவை நிறுவியவர் என்று பழைய கதைகள் சொல்லும் அரசர் ஹரால்ட் ஹார்ட்ரோடே, 1066 செப்டம்பர் 25இல் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் கொல்லப்பட்டார். அவரை வென்ற ஆங்கிலேயப் படை மூன்று வாரம் கழியுமுன் தெற்கே ஹேஸ்டிங்ஸில் நோர்மன் படையை எதிர்கொண்டது. குன்றின் மேல் கேடயங்களை நெருக்கி, மதில்போல நின்றது. அந்த மதில் குலையாதவரை குதிரைப்படையால் உள்ளே நுழைய முடியவில்லை. நோர்மன்களில் ஒரு பகுதியினர் திரும்பி ஓடியபோது, ஆங்கிலேயரில் சிலர் வரிசையை விட்டுத் துரத்திக்கொண்டு கீழே இறங்கினார்கள். அவர்களைக் குதிரைவீரர் சுற்றிவளைத்து வெட்டினார்கள். அந்தக் காலப் போர்களில் முகத்துக்கு முகம் நிற்கும்போது விழுந்தவர்களைவிட, வரிசை குலைந்து முதுகு காட்டிய பிறகு விழுந்தவர்களே பல இடங்களில் அதிகம்.

இதை மேசைக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். மேசையிலோ ஒருவர் மாறி ஒருவர். நீ நகரும்போது எதிரி சிலைபோல நிற்கிறான். அப்படியே விட்டால் அவனைச் சுற்றிக்கொண்டு போய், அவனுக்குப் பின்னால் இருப்பவரை அடித்துவிட்டு வரலாம். வாசலில் காவல் நிற்பதற்கு அர்த்தமே இருக்காது.

சதுரங்கத்திலும் இதே சிக்கல் வந்தது. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டலாம் என்று ஐரோப்பாவில் விதி மாறியபோது, எதிரிச் சிப்பாயை அது தப்பித்துக் கடந்துபோக வழி கிடைத்தது. அதைச் சரிசெய்யத்தான் ‘ஆன் பாசோன்’ விதி. கடந்துபோகும் சிப்பாயை வெட்டலாம். ஆனால் அடுத்த நகர்விலேயே வெட்டவேண்டும், தவறினால் உரிமை போய்விடும்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் 1954இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். அந்த வழியில் வந்த விளையாட்டுகளில் ‘கட்டுப்பாட்டு வலயம்’ என்ற யோசனை பரவியது. ஒரு படைக்குப் பக்கத்துக் கட்டங்களும் அதன் பிடிக்குள் இருக்கும். எதிரி அவற்றைச் சும்மா கடக்க முடியாது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸை வெளியிட்டார்கள். 1979இல் வந்த கதை நடத்துநர் நூலில், சண்டையை முறித்து ஓடுபவர்மேல் எதிரிக்கு ஓர் இலவசத் தாக்குதல் உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைக் கட்டம் கட்டமாக விரித்தது. எதிரிக்குப் பக்கத்தில் நின்று மருந்து குடித்தால்கூட அடி விழும். 2014இன் ஐந்தாம் பதிப்பு அதைச் சுருக்கியது: எதிரியின் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நீ வெளியேறினால் மட்டும், அதுவும் ஒரு சுற்றில் அவனுக்கு ஒரே தடவை.

பாய்ந்து தாக்கும் ‘சார்ஜ்’ விதியும் இதே கணக்குத்தான். மூன்றாம் பதிப்பில் குறைந்தது 10 அடி நேர்கோட்டில் ஓடவேண்டும். தாக்குதலுக்கு 2 கூடும், உன் பாதுகாப்பில் 2 குறையும். எதிரி ஈட்டியை ஊன்றிக் காத்திருந்தால் உனக்கு இரட்டிப்புச் சேதம். வேகத்துக்கு ஒரு விலை.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்போது அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்கு வந்தார். கட்டத்தாளைப் பார்த்தார்.

“இது எங்கட கிளித்தட்டுத்தானே?” என்றார்.

யாழ்ப்பாணத்தில் அவர் விளையாடியது. நிலத்தில் நடுக்கோடு, குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு காவலர். அவர் கோட்டை விட்டு விலகக்கூடாது. நடுக்கோட்டில் ஓடித்திரிபவர்தான் கிளி. எதிரணி தொடுபடாமல் கோடுகளைக் கடந்து போய்த் திரும்பவேண்டும். கடக்கும் கணத்தில் கை விழலாம்.

கிளித்தட்டைப் பார்த்து டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. காவல் என்றால் என்ன என்று யோசித்த இரண்டு ஊர்க்காரர் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் மகன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் வாசல்ல நிண்டா, அவன் என்னைத் தாண்டி இவளிட்டப் போகேலாதோ?” என்று கேட்டான். அவனுடைய தோழியின் வீராங்கனைக்கு உயிர்ப்புள்ளி 3தான் மிச்சம்.

“போகலாம். ஆனா உன்ர அடியை வாங்கிக்கொண்டுதான் போகோணும்.”

அடுத்த முறையில் அவன் ஓடவில்லை. மந்திரவாதியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தான்.