நஞ்சுக்கொடி

பிள்ளையை வயிற்றில் காக்கும் உறுப்புக்கு விஷத்தின் பெயரா? பேறு முடிந்தபின் வெளியேறுவதை ‘நஞ்சு’ என்றே சொல்வது பழைய வழக்கு. அகராதிகளும் இப்பொருளைத் தருகின்றன. அது உள்ளேயே தங்கிவிட்டால் தாய்க்கு ஆபத்து, அதனால் நஞ்சு என்பது மக்கள் சொல்லும் காரணம். சொல்லின் வேர் எதுவானாலும் ஆபத்து மெய்தான்: சிறு துண்டு தங்கினாலும் ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வரலாம்.

இருக்கும்வரை அது செய்வதோ தாய்வேலை. தட்டுப் போன்ற வடிவம், சுமார் அரைக் கிலோ எடை. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை. மெல்லிய சவ்வின் ஊடே ஆக்சிஜனும் சத்தும் போகும், கழிவு திரும்பும். கர்ப்பம் கலையாமல் காக்கும் புரோஜெஸ்டிரானையும் அதுவே சுரக்கும். அதிலிருந்து நீளும் தொப்புள்கொடிக்குள் 2 தமனிகள், 1 சிரை.

மாட்டுக்கு என்றால் ‘இளங்கொடி’. பசு கன்று போட்டதும் “கொடி விழுந்துச்சா?” என்பதே முதல் விசாரிப்பு. விழுந்ததை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பால்மரமாயிற்றே, மடியிலும் பால் பெருகுமாம்!

1559-இல் இத்தாலிய உடற்கூற்றியலார் ரெயால்டோ கொலம்போ இதற்கு வைத்த பெயர் பிளசென்டா. லத்தீனில் தட்டையான பணியாரம். இலங்கைப் பாடநூல்களில் இது சூல்வித்தகம். தமிழ்நாட்டில் நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி இரண்டும் எழுதுகிறார்கள், இரண்டுமே சரி.