கன்னியாவில் மகன், வீட்டில் மகள்: திருகோணமலையில் பெற்றோருக்கான நன்றி பற்றிய ஓர் ஆய்வு

தாய்க்கு இறுதிக் கடன் செய்ய மகன் ஒருவன் நீர் தேடிய இடம் என்று மக்கள் நம்பும் தலம் திருகோணமலையில் உண்டு. நகரிலிருந்து அநுராதபுர வீதி வழியே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாதான் அது. அங்கே அருகருகே கட்டிய ஏழு சதுரக் கிணறுகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூட்டில் நீர் ஊறுகிறது. கதையில் வரும் அந்த மகன் இராவணன்; அவன் தாய் சிவபத்தை. அவள் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டுபோக மகன் முயன்றான். அப்போது வாள் பட்ட பிளவே இன்று சுவாமி மலை எனப்படும் அம்மலையில் 'இராவணன் வெட்டு' என்று காட்டப்படுகிறது. அந்தண வடிவில் வந்த திருமால் தாய் இறந்த செய்தியைச் சொல்ல, இராவணன் கன்னியாவில் கிரியை செய்தான். நிலத்தில் ஏழு இடங்களில் குத்தி நீர் வருவித்தவன் இராவணனே என்பாரும் உளர்; திருமால் தம் கைத்தண்டால் ஊன்றினார் என்பாரும் உளர். இறந்த செய்தியே பொய், மகனைத் தடுக்கச் சொன்னது என்றும் ஒரு வழக்கு உண்டு.

வரலாற்றுச் சான்றாக இக்கதையை எடுத்தாள்வது என் நோக்கமன்று. ஒரு சமூகம் பிள்ளையின் நன்றியை எந்த உருவில் நினைத்துப்பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் திருகோணமலையில் கிடையாது என்பதே என் கருத்து. கதையில் மகன் மலையைத் தூக்குகிறான், கிரியை செய்கிறான். அவன் வெளியே நின்ற அத்தனை நேரமும் தாயின் பக்கத்தில் இருந்தது யார் என்று கதை சொல்வதில்லை. அந்த மௌனம் நம் குடும்ப வழக்கத்திலும் நம் ஆய்வுகளிலும் அப்படியே தொடர்கிறது. பெற்றோருக்கான நன்றியைச் சடங்கிலும் பணத்திலும் மட்டும் தேடுகிறவரை அதன் பெரும்பகுதி நம் கண்ணில் படாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சடங்கை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய மதிப்பைக் குறைப்பது என் எண்ணமில்லை. திருகோணமலைச் சைவக் குடும்பங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கன்னியாவில் செய்வது நெடுங்கால வழக்கம். தகப்பனை இழந்தவர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருப்பர். ஆடி அமாவாசை விடிகாலையில் கடற்கரையில் எள்ளும் தர்ப்பையும் பிண்டமுமாக மகன்மார் வரிசையாக இருப்பார்கள். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பாவின் பெயர் உடனே வரும். அப்பப்பாவின் பெயரும் வரும். அவருக்கு முந்தியவரின் பெயருக்குச் சிலர் வீட்டுக்குக் கைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுப்பவள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் ஒரு பெண். அன்று சமையலில் காத்தோட்டிக்காய் சேர்ந்திருப்பதும் அவள் முதல்நாளே தேடி வாங்கியதால்தான்.

செத்தவீட்டிலும் இதே பங்கீடுதான். கொள்ளி வைப்பது மகன். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள். பொற்சுண்ணம் இடித்துப் பாடி முடிந்ததும் பெண்கள் வாய்க்கரிசி போட்டு, படலையோடு நின்றுவிடுவார்கள். மரபு அவர்களுக்கு வகுத்த எல்லை அதுவே. ஊர் நினைவில் நிற்பதோ, 'மகன் எல்லாத்தையும் குறைவில்லாமல் செய்தான்' என்ற பேச்சு.

அந்த மரணத்துக்கு முந்திய ஐந்தாறு ஆண்டுகளைப் பார்ப்போம். கிழக்கிலங்கையில் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது பரவலான வழக்கம். அக்கரைப்பற்றை மையமாக வைத்து மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. திருகோணமலையிலும் பெற்றோர் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, அதே வளவிலோ அதே கூரையின் கீழோ அவளுடன் முதுமையைக் கழிப்பதைக் காணலாம். ஆக, பராமரிப்பு மகளிடம் வந்து சேர்வது அவள் மென்மனம் கொண்டவள் என்பதால் மட்டுமன்று. சொத்தும் குடியிருப்பும் அமைந்த விதமே அதை அவளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. இதைச் சொன்னால், 'வீடு வாங்கினாள், பார்க்கிறாள்' என்று சிலர் கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

கிளினிக் நாள் ஒன்றை நினைத்துப்பாருங்கள். விடிய முன்னரே எழும்பி, நீரிழிவுக்கார அம்மாவுக்கு என்ன எப்போது கொடுப்பது என்று ஒழுங்குபண்ணி, கிளினிக் கொப்பியை எடுத்து, ஓட்டோ பிடித்து, பெரியாஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்ப மதியமாகிவிடும். வந்ததும் ஒடியற்கூழோ கஞ்சியோ ஆற்றி, 'அம்மா, இன்னும் ஒரு வாய், எனக்காகக் குடியுங்கோ' என்று கெஞ்சவேண்டும். இரவில் சேலை மாற்றவேண்டும். அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டால், 'நீ ஆர் பிள்ளை?' என்ற கேள்விக்கும் முகம் கோணாமல் பதில் சொல்லவேண்டும். வீட்டுப் பத்திரம் எதிலும் இவ்வளவும் எழுதியிருக்காது. வீட்டுக்கு ஈடாகப் பார்க்கிறவள் மருந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி ஊட்டவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. ஈட்டுக்கு அப்பால் மிஞ்சுகிற அந்தக் கெஞ்சலைத்தான் நான் நன்றி என்கிறேன்.

இங்கே மெய்யியல் விவாதம் ஒன்றைத் தொடவேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஜேன் இங்கிலிஷ் 1979இல் எழுதிய கட்டுரையொன்றில், வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் கடன்பட்டவர்கள் அல்லர் என்று வாதிட்டார். கேட்காமலே அன்பினால் செய்தது கடனாகாது. பிள்ளைகளின் கடமை இன்று நிலவும் அன்பிலிருந்து பிறப்பது, நட்பைப் போல என்பது அவர் நிலைப்பாடு. பௌத்தப் பாளி மரபில் கதஞ்ஞு சுத்தமோ மறுமுனையிலிருந்து பேசுகிறது: தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் நூறாண்டு சுமந்தாலும் அது ஈடாகாது. இரண்டும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: பொருளாலோ உடலுழைப்பாலோ திருப்பிக் கொடுத்துத் தீர்க்கும் கணக்கு பெற்றோர் விடயத்தில் செல்லாது. ஆனால் இங்கிலிஷின் நட்பு உவமை திருகோணமலையில் நெடுந்தூரம் வராது. நட்பு குன்றினால் விலகலாம். படுக்கையில் கிடக்கும் தகப்பனுடன் முப்பது ஆண்டு மனத்தாங்கல் இருந்தும் அவருக்கு முதுகு துடைத்துவிடுகிற மகளை நட்பால் விளக்க முடியாது.

சட்டமும் இந்தக் களத்துக்குள் வந்துவிட்டது. இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக்கூடாது என்றும் அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் விதித்து, பராமரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்க ஒரு சபையையும் ஏற்படுத்தியது. சிங்கப்பூர் இத்தகைய சட்டத்தை 1995இலும் இந்தியா 2007இலும் இயற்றின. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 12.4 வீதமாக இருந்தனர். சட்டம் தேவைப்பட்டதில் வியப்பில்லை. அது மகனென்றும் மகளென்றும் பிரிக்காதது எனக்கு மிகவும் உடன்பாடு. எனினும் சபை கட்டளையிடக்கூடியது பணத்தைத்தான். கைவிடப்பட்ட முதியவருக்கு அதுவும் பெரிது. வீட்டில் ஏற்கெனவே நடக்கும் உழைப்பை அதனால் கண்டுகொள்ள முடியாது.

துறைமுகப் பட்டினத்தின் அண்மைக்கால வரலாறு இந்தப் பங்கீட்டை இன்னும் கூர்மையாக்கியது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் போனபின் டொக்யாட் வேலையை நம்பிய குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. 1983க்குப் பின் போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறடித்தன. வெளிநாட்டு மகன் அனுப்பும் காசில் வீட்டுக் கூரை மாறும், கண் சத்திரசிகிச்சை நடக்கும். அது உண்மையான நன்றி. வரமுடியாத வேதனையும் அவனுக்கு உண்டு. தகப்பனின் கிரியையைக் கைபேசித் திரையில் பார்த்து அழுதவர்களை நம்மில் பலர் அறிவோம். மூதூர், கிண்ணியாப் பக்கங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களின் கதை வேறு வகையானது. மகள் காசு அனுப்ப, உம்மா பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். பிள்ளை வளர்ந்தபின் தாய் பெறுகிறவராகிவிடுகிறார் என்ற எடுகோள் அங்கே பொய்க்கிறது. அறுபது வயதிலும் கொடுப்பவர் அவரே.

காணாமல் ஆக்கப்பட்டோரின் பிள்ளைகளை இதிலெல்லாம் எங்கே வைப்பது? திதி தெரியாதவர்க்கு அமாவாசை என்று மரபு ஒரு வழி வைத்திருக்கிறது. அதை ஏற்றால் தகப்பன் இறந்துவிட்டார் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எள்ளும் நீரும் இறைக்க மறுப்பதையும் நான் நன்றியாகவே கொள்கிறேன்.

கன்னியா இன்று தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கிருந்த பிள்ளையார் கோவில் நிலத்தில் விகாரை சார்ந்த கட்டுமானம் எழுவதாகக் கிளம்பிய எதிர்ப்பை அடுத்து, 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தாய் தகப்பனுக்குக் கிரியை செய்யும் இடம் பறிபோகிறது என்ற தவிப்பு அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது. அந்தத் தவிப்பு நியாயமானது. அவ்விடத்தில் அந்தியேட்டி செய்யும் உரிமை மக்களிடம் இருக்கவேண்டும்.

அந்த உரிமைக்காகச் சான்று திரட்டும் ஆய்வாளர்கள் ஐயர்மாரையும் கோவில் நிருவாகத்தாரையும் கொள்ளி வைத்த மகன்மாரையும் பதிவுசெய்து வருகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: அதே வீட்டுக்குள்ளும் போங்கள். கடைசி மாதங்களில் யார் ஊட்டினார், யார் துடைத்தார், யார் இரவு விழித்தார் என்று கேளுங்கள். கேட்டு, சொன்னவரின் சம்மதத்துடன் அவருடைய சொற்களையும் பதிவில் சேருங்கள்.