புட்டு ஆவியும் சுவர்க் கறுப்பும்

1996 ஆம் ஆண்டு மாரியில் நாங்கள் ஈஸ்ட்ஹாமில் ஒரு பழைய வீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறைகள், ஒரு குசினி, படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு குளியலறை. வாடகை மாதம் 350 பவுண். பின்னறையில் நானும் தம்பியும் படுப்போம். ஒருநாள் உருண்டுபோன கோலிக்குண்டை எடுக்க அப்பா அலுமாரியை இழுத்தபோதுதான் சுவரைப் பார்த்தோம். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தம்பிக்கு அப்போது நான்கு வயது. இரவில் அவனுடைய மூச்சு விசிலடிக்கும். அம்மா எழும்பியிருந்து முதுகைத் தடவுவார்.

வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். முற்பணம் கேட்காமல் திறப்பைத் தந்தவர். அந்த நன்றி எங்கள் வாயைக் கட்டியிருந்தது. அப்பா தயங்கித் தயங்கி ஃபோன் எடுத்தார். அவர் வந்தார், சுவரை விரலால் தொட்டு முகர்ந்தார், பிறகு குசினியை எட்டிப் பார்த்தார். அடுப்பில் நீத்துப்பெட்டி இருந்தது.

“அக்கா, புட்டு அவிக்கேக்கை யன்னலைத் திறந்துவிடுங்கோ. ஆவியெல்லாம் போய்ச் சுவரிலைதான் ஒட்டுது.”

“ஓம் தம்பி” என்றார் அம்மா. அவ்வளவுதான் முறைப்பாடு, அவ்வளவுதான் தீர்ப்பு. அன்றிலிருந்து தை மாதக் குளிரிலும் குசினி யன்னல் திறந்தே கிடந்தது. கொஞ்ச நாளில் புட்டும் நின்றது, இரவில் பாண் சாப்பிட்டோம். கறுப்பு மட்டும் நிற்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வீட்டுக்காரர் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற் கொண்டுவந்து தந்தார். அப்பா அடித்தார். அடுத்த மாரியில் வெள்ளைக்கு மேலே கறுப்பு வந்தது.

நான் சட்டத்தரணி அல்ல. ஆலோசனை நிலையங்களில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. ஈரச்சுவர், உடைந்த பொயிலர், ஒழுகும் கூரை என்று வருகிறவர்களுக்காக வாய் கொடுத்துக் கொடுத்து, இந்த நாட்டில் வாடகை வீட்டைத் திருத்தும் கடமை யாருடையது என்ற கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதைப் படித்தபோதுதான், எங்கள் குசினியில் சொல்லப்பட்ட அந்த ஒரு வசனம் எவ்வளவு பழையது என்று விளங்கியது.

கதை மூட்டைப்பூச்சியில் தொடங்குகிறது. 1842 இல் சேர் தோமஸ் மராபிள் என்பவர் பிரைற்றன் கடற்கரை நகரில் தளபாடங்களோடு ஒரு வீட்டைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தார். வாரம் எட்டு கினி. கட்டில்களில் மூட்டை. ஒரு வாரத்தோடு குடும்பம் வெளியேறியது, வீட்டுக்காரர் மிச்ச வாடகைக்கு வழக்குப் போட்டார். தளபாடத்தோடு விடும் வீடு மனிதர் குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 1843 இல் நீதிமன்றம் மராபிள் பக்கம் நின்றது. வாரம் எட்டு கினி கொடுக்கக்கூடிய கனவானுக்குக் கிடைத்த நீதி அது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், தளபாடம் இல்லாமல் விடும் வீட்டுக்கு அந்த விதி இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். ஏழைகள் இருந்தது அப்படியான வீடுகளில்தான். 1863 இல் ஒரு தலைமை நீதிபதி இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: இடிந்து விழப்போகும் வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

1885 இல் நாடாளுமன்றம் அசைந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் விடும் வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் எவ்வளவு வாடகைக்கு உட்பட்ட வீடு என்று அதில் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையைக் கடைசியாக உயர்த்தியது 1957 இல். லண்டனில் ஆண்டுக்கு 80 பவுண், மற்ற இடங்களில் 52 பவுண். கவனியுங்கள், மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எண்ணை யாரும் தொடவில்லை. எங்கள் ஒரு மாத வாடகையே அந்த ஆண்டு எல்லையின் நான்கு மடங்குக்கு மேல். சட்டத்தை நீக்கவில்லை, புத்தகத்தில் வைத்துக்கொண்டே சாகவிட்டார்கள்.

அதற்குப் பதிலாகக் கைகொடுத்தது 1961 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம். ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் கட்டடத்தின் அமைப்பு, வெளிப்புறம், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிவறை, சூடாக்கும் வசதி ஆகியவற்றைத் திருத்துவது வீட்டுக்காரர் கடமை. இன்று 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ஆம் பிரிவாக இருப்பது அதுதான். ஆனால் நீதிமன்றங்கள் இதற்குள் இரண்டு ஓட்டைகளைக் கண்டன.

முதலாவது, தெரிவித்தல். 1968 இல் ஒரு குடும்பம் படுக்கையில் இருக்கும்போது உட்கூரை இடிந்து அவர்கள்மேல் விழுந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1973 இல் முடிந்தது. கூரையின் குறை வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, ஆகவே பொறுப்பில்லை. குறை வெளியே தெரியாதபடி மறைந்திருந்தாலும் அதே விதிதான். வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று காட்ட முடியாதவர்கள் தோற்பார்கள். “ஓம் தம்பி” என்று முடிந்துபோகிற முறைப்பாட்டை யார் நிரூபிப்பது?

இரண்டாவது ஓட்டைதான் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. வேல்ஸில் ஒரு கவுன்சில் வீடு, 1970களின் தொடக்கத்தில் கட்டியது. உலோகச் சட்டம் போட்ட ஒற்றைக் கண்ணாடி யன்னல்கள், குளிர் ஏறிய கொங்கிறீற். குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் வழிந்து, உடுப்பும் படுக்கையும் உக்கிப்போயின. வீட்டில் இருந்தவர் வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1985 இல் மேன்முறையீட்டில் தோற்றார். காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பழுது என்றால் முன்பு நன்றாக இருந்த ஒன்று கெட்டுப்போவது. இந்த வீட்டின் யன்னலும் சுவரும் கெட்டுப்போகவில்லை. கட்டியபோதே அப்படித்தான். ஆகவே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராகும். ஈரம் எங்கும் உண்டு. மூச்சிலிருந்தும் குளியலிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும். சுவர் ஏன் குளிர்ந்து கிடக்கிறது, ஈரக்காற்று வெளியேற ஏன் வழியில்லை என்பதுதான் கேள்வி. ஈஸ்ட்ஹாமில் எங்கள் வீடு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இடைவெளியோ வெப்பத்தடுப்போ இல்லாதது. குளியலறையில் விசிறி இல்லை. சுவர் பழுதல்ல என்று சட்டம் சொல்லிவிட்டால், பழி போட மிஞ்சுவது வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான்.

சரி, கடிதம் எழுதி முறையிட்டிருந்தால்? 1988 இல் வந்த சட்டத்தின்படி, இரண்டு மாத அறிவித்தலோடு, எந்தக் காரணமும் சொல்லாமல் குடியிருப்பவரை எழுப்பலாம். 21 ஆம் பிரிவு என்று வாடகை வீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பதினோராம் வயதில், பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மா அதை வாங்கிப் பைபோல மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டார். “எழுப்பிவிட்டால் எங்கை போறது?” அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் அப்போது பதில் இல்லை.

2018 இல் நாடாளுமன்ற உறுப்பினர் கரன் பக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகி, 80 பவுண் எல்லையைத் தூக்கி எறிந்தது. ஈரமும் காற்றோட்டமும் கணக்கில் வந்தன. கட்டியபோதே அப்படித்தான் என்ற பதில் இனிச் செல்லாது. ஆனால் சட்டம் வந்தும் றொச்டேலில் நடந்ததைத் தடுக்க முடியவில்லை.

அவாப் இஷாக்கின் பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டுச் சங்கத்தின் ஃபிளற் ஒன்றில் இருந்தார்கள். தகப்பன் 2017 இலேயே பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டு வயது நிரம்பிச் சில நாட்களில், பிள்ளை இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். குசினியிலும் குளியலறையிலும் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை. சங்கமோ அதுவரை குடும்பத்தின் ‘வாழ்க்கைமுறை’யைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. சடங்குக் குளியல் என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு, தாங்கள் ஊகித்தது தவறு என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். தம்பிக்குத் தொய்வு இன்னும் இருக்கிறது, காரில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று இன்ஹேலர் வைத்திருக்கிறான். அந்தச் சுவர்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை. ஆனால் அம்மா இருபத்தைந்து வருடங்களாக வேறொரு காரணத்தை நம்பிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. “நான் அவிச்ச புட்டாலை எண்டுதானே நினைச்சன்” என்றார்.

வீட்டுக் குறைகேள் அதிகாரி 2021 அக்டோபரிலேயே ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். அதன் தலைப்பிலேயே ‘இது வாழ்க்கைமுறை அல்ல’ என்று இருந்தது. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

2025 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தில் அவாப்பின் பெயரால் வந்த விதிகளின் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில், வீட்டுச் சங்க வீடுகளில் உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் விசாரணை, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அதே நாளில்தான் வாடகைக்காரர் உரிமைச் சட்டத்துக்கும் அரச ஒப்புதல் கிடைத்தது. 21 ஆம் பிரிவு ஒழிவது 2026 மே 1 முதல். அவாப் விதிகளைத் தனியார் வாடகை வீடுகளுக்கு நீட்டவும் அந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான்.

போன மாரியில் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் கொவென்றியிலிருந்து ஃபோன் எடுத்தாள். படிக்கப்போன இடத்தில் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள், கட்டில் தலைமாட்டில் கறுப்பு. முகவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: சட்டியை மூடிச் சமைக்கவும், உடுப்பை உள்ளே காயப்போட வேண்டாம், யன்னலைத் திறக்கவும். பதிலை இரண்டு பேருமாக ஃபோனில் எழுதினோம். திகதி, படங்கள், விசிறி வேலை செய்யாதது, ஹீற்றர் சூடாகாத நாட்கள், முதலில் சொன்னது எப்போது, யாரிடம். எல்லாம் எழுத்தில். ஒரு பிரதி கவுன்சிலுக்கு.

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளை அங்கை புட்டு அவிக்கிறவளோ?”

“இல்லை அம்மா. மைக்ரோவேவிலை சூடாக்கித்தான் சாப்பிடுறாள்.”

“பிறகென்ன ஆவி” என்றார் அம்மா.