பிடிபட்ட பாண்டிய வீரர்களும் ஒரு மண்மேடும்

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டரில் ஏதோ விண்வெளிப் போர் விளையாட்டு. பேட்டில்டெக்காம். இரும்பு ராட்சதர்களை ஓட்டிக்கொண்டு குலம் குலமாக அடித்துக்கொள்கிறார்கள். "மாமா, இதுல தோத்துப் போனவனைக் கொல்ல மாட்டாங்க. கையில ஒரு கயிறு கட்டி, ஜெயிச்ச குலத்துக்கே வேலை செய்ய வைப்பாங்க. நல்லா வேலை செஞ்சா கயிறை அறுத்துட்டு அவங்க படையிலயே சேர்த்துக்குவாங்க"ன்னு சொன்னான்.

"டேய், இது நம்ம ஊர்ல நடந்ததுடா. என்ன, கயிறை அறுத்த கதைதான் கிடையாது"ன்னேன். நம்ம மாமா கப்சா விடுறார் என்கிற மாதிரி பார்த்தான் :-) அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மதுரைக்காரர்களுக்கு விட்டவாசல் தெரிந்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, கடைகளுக்கு நடுவில் ஒரு பழைய கல் வாசல். பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் என்பார்கள். நாயக்கர் காலத்தில் கோட்டையை இடித்துப் பெருசாகக் கட்டியபோது இதை மட்டும் விட்டுவிட்டார்களாம், அதனால் விட்டவாசல். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு 12ஆம் நூற்றாண்டின் ஒரு பங்காளிச் சண்டை ஞாபகத்துக்கு வரும்.

கதை இதுதான். 1160களில் மதுரையில் இருந்தவன் பராக்கிரம பாண்டியன். அதே வம்சத்தில் இன்னொருத்தன் குலசேகர பாண்டியன். சிம்மாசனம் எனக்குத்தான் என்று குலசேகரன் மதுரையை முற்றுகை போட்டான். உள்ளே மாட்டிக்கொண்டவன் கடல் தாண்டி உதவி கேட்டான். அப்போது பொலன்னறுவையில் ஆண்டுகொண்டிருந்தவன் முதலாம் பராக்கிரமபாகு (1153-1186). இலங்கையின் பெரிய ராஜாக்களில் ஒருத்தன், பராக்கிரம சமுத்திரம் என்ற ஏரியை வெட்டியவன். அவன் லங்காபுரன் என்கிற தண்டநாயகன் தலைமையில் படை அனுப்பினான்.

ஆனால் படை வந்து சேர்வதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனையும் அவன் மனைவி மக்களையும் குலசேகரன் கொன்றுவிட்டான். வீரபாண்டியன் என்ற ஒரு மகன் மட்டும் தப்பி ஓடினான். உதவி கேட்டவனே செத்தாச்சு, படை திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துகாலில் பராக்கிரமபுரம் என்று ஒரு கோட்டையும் கட்டினான் லங்காபுரன். (1897இல் விவேகானந்தர் வந்து இறங்கினாரே, அதே குந்துகால்தான்.) அங்கிருந்து ஊர் ஊராகச் சண்டை போட்டு மதுரைக்கு வந்து, தப்பிய வீரபாண்டியனைத் தேடிக் கூப்பிட்டு அரியணையில் உட்கார வைத்தான்.

இதை விவரமாகச் சொல்வது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். அதில் போகிற போக்கில் வருகிற ஒரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சண்டையில் பிடிபட்ட தமிழ் வீரர்களை லங்காபுரன் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினான். ராஜா அவர்களை என்ன செய்தான்? முன்பு தமிழர்கள் இடித்துப்போட்ட தூபிகளை, இந்தத் தமிழர்களை வைத்தே பழுது பார்த்தான். அனுராதபுரத்தின் ரத்னாவலி தூபி, இன்றைக்கு ருவன்வெலிசாய என்கிறார்களே, அதுவும் அதில் ஒன்று.

இடித்தது யார்? 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் போய்க் கொள்ளையடித்தான். அப்புறம் ராஜராஜன் காலத்துச் சோழப்படை போய் அனுராதபுரத்தையே சூறையாடியது. ராஜராஜன் படை போனதற்கும் இவர்கள் பிடிபட்டதற்கும் நடுவில் கிட்டத்தட்ட நூற்றெழுபது வருஷம். வைகைக் கரையில் உழுதுகொண்டிருந்து, பங்காளிச் சண்டைக்கு வேல் தூக்கிப் போனவன், எப்போதோ எவனோ உடைத்ததற்குச் செங்கல் சுமந்து கணக்குத் தீர்த்திருக்கிறான்!

அதோடு விடவில்லை. பொலன்னறுவையில் புதிதாக ஒரு தூபியும் கட்ட வைத்தான். சுற்றளவு 1300 முழம் என்கிறது சூளவம்சம். முழத்துக்கு ஒன்றரை அடி வைத்தால் ஏறக்குறைய 600 மீட்டர். பாண்டிய நாட்டிலிருந்து கொண்டுவந்த தமிழர்களைக் கொண்டு கட்டியதால் அதற்குப் பெயரே தமிழ்த் தூபி. இப்போது சிங்களத்தில் தெமள மகா சேய, அதாவது தமிழர் பெருந்தூபி.

சில வருஷம் முன்னால் இலங்கை போனபோது பொலன்னறுவையில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றினேன். கல் விகாரையில் புத்தர் சிலைகள் முன்னால் நல்ல கூட்டம். அதைத் தாண்டி வடக்கே, திவங்க சிலைமனைக்குப் போகிற வழியில்தான் இது. தூபி என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். மரமும் செடியும் மூடின பெரிய மேடு, தலை தட்டையாக இருக்கிறது, அதன் மேல் பிற்பாடு கட்டின சின்னத் தூபி ஒன்று. பெரியது முழுசாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை என்கிறார்கள். நான் நின்ற அரைமணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. கால்மாட்டில் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டேன். ஊர்க்காரன் ஒருத்தன் தூக்கிச் சுமந்ததாக இருக்கலாம், வெறும் ஓடாகவும் இருக்கலாம்.

சரி, ஊரில் இந்தப் பக்கம் என்ன ஆச்சு? குலசேகரன் சோழனிடம் ஓடினான். இரண்டாம் ராஜாதிராஜன் ஆட்சி. மயிலாடுதுறை பக்கம் பல்லவராயன்பேட்டையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ அதிகாரி பெருமானம்பிப் பல்லவராயர் ஈழப்படையை முறியடித்து, லங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாசலில் ஆணி அடித்து வைத்தார் என்று அது சொல்கிறது. (இந்த விட்டவாசலில்தான் அடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.) சூளவம்சமோ தன் பக்கத்து வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. அதில் ஆணியே கிடையாது. சோழன் கல்லில் தூபி கிடையாது. ரெண்டு பேரும் ஜெயித்த பக்கத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. சோழன் தயவில் மதுரைக்கு வந்த அதே குலசேகரன், கொஞ்ச நாளில் பராக்கிரமபாகுவோடு கைகோத்துக்கொண்டான். ஆணியடித்த தலைகளை வாசலிலிருந்து எடுக்கச் சொன்னான். சோழனுக்குக் கோபம் வராதா? அவனை விரட்டிவிட்டு, யாரை எதிர்த்து இவ்வளவு சண்டை போட்டானோ அந்த வீரபாண்டியனையே கூட்டிவந்து மதுரையில் உட்கார வைத்தான்!

இங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குலசேகரனுக்காகச் சண்டை போட்டுப் பிடிபட்டவன் பொலன்னறுவையில் மண் சுமக்கிறான். அவனைப் பிடித்துவைத்திருக்கிற ராஜாவும் குலசேகரனும் இப்போது சிநேகிதர்கள். "எங்க ஆளுங்களை அனுப்பி வை"ன்னு குலசேகரன் கேட்டதாக நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. வாசலில் இருந்த செத்த தலைகளுக்குக் கிடைத்த மரியாதைகூட, உயிரோடு இருந்தவனுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ராஜாக்களுக்குக் கட்சி மாறுவது சுலபம். நேற்று எதிரி, இன்று மாப்பிள்ளை. மாற முடியாதவன் பிடிபட்டவன்தான். ஒரு கல்வெட்டிலும் அவன் பெயர் இல்லை. மதுரையில் அவனுக்கு ஒரு நடுகல் இருப்பதாகவும் நான் கேள்விப்படவில்லை. அவன் கூட்டத்துக்கு என்று இருக்கிற ஒரே அடையாளம் எதிரி ஊரில், எதிரி வைத்த பெயரில் இருக்கிறது. அதுவும் பாதியில் நின்ற ஒரு மேடு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா பையன், "அப்புறம் அவங்க ஊருக்குத் திரும்பினாங்களா மாமா?"ன்னு கேட்டான். என்ன சொல்வது? "தெரியலடா"ன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் திரையில் பிடித்து வைத்திருந்த ஒருத்தனின் கயிறை அறுத்துவிட்டு, "இவனையாவது விட்டுடறேன்"ன்னான்.

பொலன்னறுவை போகிறவர்கள் கல் விகாரையோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே போங்கள். நம்ம ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.