கைப்பேசி வலையமைப்பில் அனுமதிக் கட்டுப்பாடும் 2015 சென்னை வெள்ளமும்

அனுமதிக் கட்டுப்பாடு என்பது, புதிதாக வரும் இணைப்பை ஏற்பதா மறுப்பதா என்று கைப்பேசி வலையமைப்பு எடுக்கும் முடிவு. ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அளவானது. கேட்பவர் பெருகினால் சிலரை நிறுத்தியே ஆகவேண்டும்.

இந்தக் கணக்கு கைப்பேசியைவிடப் பழையது. இத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்று கணிக்கும் சூத்திரத்தை, கோபன்கேகன் தொலைபேசி நிறுவனத்தின் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்டார். இந்தியாவின் டிரங்க் கால் காலத்தில் ‘ஆர்டினரி’, ‘அர்ஜென்ட்’, ‘லைட்னிங்’ என மூன்று வரிசைகள் இருந்தன. கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு முதலில் இணைப்பு கிடைத்தது. ஒளிவுமறைவில்லாத ஏற்பாடுதான்.

1995இல் இந்தியாவுக்கு வந்த ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசை எட்டு நேரக்கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்றிரண்டு கூறுகள் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போக, மற்றவற்றில் பேச்சு நடக்கும். எல்லாம் நிரம்பிவிட்டால், அடுத்து அழைப்பவருக்கு ‘நெட்வொர்க் பிஸி’. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவரின் இணைப்பு பொதுவாகத் துண்டிக்கப்படாது. அவர் ஊர்க்கதை பேசினாலும் சரி.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தக் கதவு கடுமையாகச் சோதிக்கப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்று, ஜெனரேட்டருக்கு டீசலும் கொண்டுசெல்ல முடியாமல் நகரெங்கும் பல கோபுரங்கள் அணைந்தன. மிஞ்சிய கோபுரங்களை எல்லோரும் ஒரே நேரத்தில் நாடினர். அன்று 4ஜி கைப்பேசி வைத்திருந்தவரும் பேசுவதற்கு 2ஜி அல்லது 3ஜிக்கே இறங்க வேண்டியிருந்தது. குறுஞ்செய்திக்குப் பேச்சுக்கான நேரக்கூறு தேவையில்லை. அதனால் அழைப்பு கிடைக்காத இடத்திலும் அது போய்ச்சேர வாய்ப்பிருந்தது.

நெரிசலில் யாருக்கு வழிவிடுவது என்பதற்கும் ஜி.எஸ்.எம். தர விதிகளில் ஏற்பாடு உண்டு. பொதுமக்களின் சிம் அட்டைகள் 0 முதல் 9 வரையான வகுப்புகளில் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. பாதுகாப்புப் பணிக்கு 12, குடிநீர், எரிவாயு வழங்குவோருக்கு 13, அவசர சேவைகளுக்கு 14. கோபுரம் திணறும்போது, குறிப்பிட்ட வகுப்புகள் சற்று நேரம் முயலவே கூடாது என்று அறிவிக்க முடியும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் பேச்சும் 4ஜிக்கு மாறத் தொடங்கியது. 4ஜியில் சாதாரண இணையத் தரவைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. இருப்பதை எல்லோருக்கும் பங்கிடுகிறார்கள். ஆவடியில் மாலை நேரத்தில் படம் நின்று நின்று ஓடினால், உள்ளே விட்டபின் பங்கு சுருங்கியிருக்கிறது என்று பொருள். பேச்சுக்கு மட்டும் உறுதியான வேகம் ஒதுக்க வேண்டியிருப்பதால் அங்கே பழைய எண்ணிக்கை தொடர்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் 1 முதல் 15 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. 1 தான் உயர்ந்தது. இடமில்லாதபோது, அனுமதி இருந்தால், மேல் எண் கீழ் எண்ணை வெளியேற்றவும் செய்யும். டிரங்க் கால் பதிந்தவருக்குத் தம் வரிசை தெரிந்திருந்தது. இந்த எண் சந்தாதாரரின் திரையில் தெரிவதில்லை.