நிறுத்தும் உரிமை யாருக்கு?

கொங்கு மண்டலத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஏதும் இல்லை. நான் வசிக்கும் குண்டடத்துக்கு மிக அருகில் உள்ள பெரிய ஆலை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொச்சியில் இருக்கிறது. ஆகவே, அத்தகைய ஆலைகளில் நேரும் விபத்துகள் நமக்குத் தொலைதூரச் செய்திகளாகவே தோன்றுகின்றன. ஆனால், கொச்சி ஆலையின் பெட்ரோலும் டீசலும் இருகூர் வழியாகக் கரூர் வரை இந்த மண்ணுக்கு அடியில் பதித்த குழாயில்தான் வருகின்றன. திருப்பூர் பின்னலாடைத் தொழில் அண்மைக்காலமாக நாடிச் செல்லும் பாலியெஸ்டர் நூலுக்கு அடிப்படையான பாராசைலீனும் கச்சா எண்ணெயிலிருந்து பிறப்பதே. அந்த ஆலைகளின் பயனை அன்றாடம் துய்க்கும் நாம், அங்கு உழைப்போரின் உயிர் எப்படிக் காக்கப்படுகிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

சுத்திகரிப்பு ஆலை முழுவேகத்தில் இயங்கும்போதுதான் ஆபத்து மிகுதி என்பது பொதுவான எண்ணம். விபத்துகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஆலையை நிறுத்தும்போதும், திறந்து பழுதுபார்க்கும்போதும், மீண்டும் இயக்கும்போதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எரிபொருளை மாற்றும்போதும் பெரும் விபத்துகள் பல நேர்ந்துள்ளன. பராமரிப்புக் காலத்தில் ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

1997 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. விசாகப்பட்டினத்தில் இந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலைக்குக் கப்பலிலிருந்து சமையல் எரிவாயு மாற்றப்பட்டபோது கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. கோளக் கலன்கள் வெடித்தன. சுமார் 60 பேர் மாண்டனர். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரில் இந்தியன் ஆயில் கிடங்கிலிருந்து பக்கத்துக் கிடங்குக்குப் பெட்ரோலை அனுப்ப வால்வுகளைத் திறந்தபோது பெட்ரோல் பீய்ச்சியடித்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பரவிய ஆவி மேகம் வெடித்து 11 பேர் உயிரிழந்தனர். தீ பல நாள்கள் எரிந்தது. 2021 டிசம்பர் 21 அன்று மேற்கு வங்கத்தின் ஹல்தியா ஆலையில், ஆலை நிறுத்தம் தொடர்பான பணிகளின்போது தீப்பற்றி 3 பேர் இறந்தனர். 44 பேர் காயமடைந்தனர். 2023 டிசம்பரில் சென்னை தண்டையார்பேட்டை எண்ணெய் முனையத்தில் நிகழ்ந்த வெடிவிபத்திலும் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

இதன் காரணம் அறிவியலில் இருக்கிறது. ஓடும் ஆலையில் எரிபொருள் இரும்புச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. உள்ளே காற்று இல்லை. திறக்கும் கணத்தில்தான் எரிபொருளும் காற்றும் சந்திக்கின்றன. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து, தொலைவில் உள்ள அடுப்பையோ இயந்திரத்தையோ தேடிச் செல்லும். காலியான தொட்டியின் உட்சுவரில் படிந்த இரும்புச் சல்பைடு, காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றக்கூடியது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடோ, செறிவு கூடியதும் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதாக நம்பித் தொழிலாளர் உள்ளே போகிறார்.

இவற்றுக்கெல்லாம் மாற்று ஏற்பாடுகள் உண்டு. குழாயைத் தடைத்தகடு வைத்து அடைக்க வேண்டும். நீராவியாலோ நைட்ரஜனாலோ எஞ்சிய வாயுவை வெளியேற்ற வேண்டும். கருவி கொண்டு அளக்க வேண்டும். அதன்பிறகே பணி அனுமதிச் சீட்டு வழங்க வேண்டும். எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இதற்கெனத் தனித் தரவிதியே வகுத்திருக்கிறது. விதி இருந்தும் விபத்து நேர்வது எப்படி என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் மாண்டனர். பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தனர். அதற்குரிய அனுமதிச் சீட்டும் இருந்தது. ஆனால், அந்தச் செய்தி இரவுப் பணியாளர்களைச் சென்றடையவில்லை. அவர்கள் அதே பம்பை இயக்கினர். தாள் இருந்தது, தகவல் கைமாறவில்லை.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் நகரில் பி.பி. நிறுவன ஆலை பராமரிப்புக்குப் பின் மீண்டும் இயக்கப்பட்டபோது ஒரு கோபுரத்தில் அளவுக்கு மீறித் திரவம் நிரம்பி வழிந்து வெடித்தது. 15 பேர் இறந்தனர்; 180 பேர் காயமடைந்தனர். இறந்த 15 பேரும் ஒப்பந்தப் பணியாளர்கள். அபாயப் பகுதிக்கு அருகே நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலகக் கூண்டுகளிலும் அவற்றைச் சுற்றியும் அவர்கள் இருந்தனர். பக்கத்தில் ஆலை இயக்கப்படப் போகிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

அந்த விபத்துக்குப் பின் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007இல் அளித்த அறிக்கை குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் வழுக்கி விழுவது, கையில் அடிபடுவது போன்ற காயங்கள் குறைந்துவருவதைக் கண்டு, ஆலை பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் தவறாக நம்பியது என்று அக்குழு சுட்டிக்காட்டியது. நமக்கு விளங்கும்படிச் சொல்வதானால், பின்னலாடை ஆலையில் விரலில் ஊசி ஏறும் காயங்கள் குறைந்துவிட்டன என்பதைக் கொண்டு கொதிகலன் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவுசெய்ய இயலுமா?

பொருளியல் மாணவர்களுக்கு நான் கற்பித்த பாடங்களுள் ஒன்று, தகவல் ஏற்றத்தாழ்வு. ஒரு பேரத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாவிட்டால், பேரம் நியாயமாக அமையாது என்பதே அதன் சாரம். சுத்திகரிப்பு ஆலையில் இது உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. குழாய்க்குள் என்ன இருந்தது, எந்த வால்வு சரியாக மூடாது என்பவை நிரந்தரப் பொறியாளருக்குத் தெரியும். 'ஷட்டவுன்' வேலைக்குச் சில வாரங்களுக்கு மட்டும் வந்துசேரும் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் சாரம் கட்டுபவருக்கும் தெரியாது. அறிவு ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், ஆள்பிடிப்பவர் என்று படிகள் கூடக்கூட இடைவெளி பெருகுகிறது.

அத்துடன் ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்பது நடைமுறை. இரும்பின் விலையையும் இயந்திர வாடகையையும் ஒப்பந்ததாரரால் குறைக்க இயலாது. அவர் குறைக்கக்கூடியவை கூலி, பயிற்சி, மேற்பார்வை, நாள்கள் ஆகிய நான்கே. ஆலை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கு இழப்பு என்பதால் காலக்கெடுவின் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. வாயுவை மீண்டும் ஒருமுறை அளக்கச் சொல்லிக் காத்திருக்கும் தொழிலாளரை இந்த ஏற்பாடு வேலையைத் தாமதப்படுத்துபவராகவே பார்க்கும்.

உயிருக்குச் சட்டம் வைத்திருக்கும் மதிப்பையும் பார்ப்போம். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்பட்டது. கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30 வயதுத் தொழிலாளிக்குக் காரணி 207.98. அவர் மாதம் 30,000 ரூபாய் ஈட்டும் திறன்மிக்க வெல்டராக இருந்தாலும், 7,500ஐ அக்காரணியால் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 15.6 லட்சம் ரூபாய். அந்தத் தொகையும் பெரும்பாலும் காப்பீட்டின் வழியே வருகிறது. ஆபத்தைக் குறைக்கும்படி நிறுவனத்தைத் தூண்டும் விலையாக இது இல்லை.

1985 டிசம்பரில் தில்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986இல் உச்சநீதிமன்றம் ஒரு கொள்கையை நிலைநாட்டியது. அபாயகரமான தொழிலை நடத்தும் நிறுவனம் அங்கு பணிபுரிவோருக்கும் சுற்றி வாழ்வோருக்கும் முழுப் பொறுப்பாளி; அந்தக் கடமையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு விலக முடியாது என்பதே அது. அந்தக் கொள்கையின் முன்பு, 'அவர் எங்கள் தொழிலாளர் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள்' என்ற விளக்கத்துக்கு இடமே இல்லை.

போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளர் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. எச்சரிக்கும் உரிமை இருக்கிறது. வேலையை நிறுத்தி விலகி நிற்கும் உரிமை தெளிவாக எழுதப்படவில்லை. தவிர, ஒப்பந்ததாரர் உரிமம் பெறுவதற்கான ஆள் எண்ணிக்கை 20லிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. துணை ஒப்பந்தங்கள் சிறு குழுக்களாகப் பிரியும் இத்துறையில் இது கவலைக்குரிய தளர்வு.

செய்ய வேண்டியவை என்று நான் கருதுவன சில. முதலாவதாக, ஐயம் எழுந்தால் பணியை நிறுத்தும் உரிமை கடைநிலை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சட்டத்தில் வேண்டும். நிறுத்திய நாளுக்கான கூலியும் அடுத்த நாள் வேலையும் அவருக்கு உறுதியாக வேண்டும். கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, காகிதத்தில் உள்ள உரிமையை எவரும் பயன்படுத்தமாட்டார். அனுமதிச் சீட்டு தொழிலாளரின் மொழியில் இருக்க வேண்டும். அதைப் பணியிடத்திலேயே அவருக்குப் படித்துக்காட்டி விளக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் பாதுகாப்புச் செலவை விலைப்போட்டிக்கு வெளியே தனித்தொகையாக ஒதுக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற பாகுபாடின்றி எல்லா உயிரிழப்புகளையும், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இப்போது பெட்ரோலிய அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் அதே அமைச்சகத்தின்கீழ்தான் உள்ளன. கண்காணிப்பவர் சுதந்திரமாக இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

தமிழ்நாட்டுக்கு இது உடனடிப் பொருத்தமுடையது. 1969 முதல் மணலி ஆலை இயங்கிவருகிறது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுடைய புதிய ஆலைக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய கட்டுமானங்களுக்கு ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் தேவைப்படுவார்கள். அவர்களுக்குரிய விதிகளை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்ப்பது, விபத்துக்குப் பின் குழு அமைப்பதைவிட எளிது.

திருப்பூர் வட்டாரத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சாயப்பட்டறைகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் நச்சுவாயு தாக்கி இறந்த செய்திகளை நாம் மறக்கவில்லை. அந்தத் தொட்டிக்கும் சுத்திகரிப்பு ஆலையின் கலனுக்கும் அளவில்தான் வேறுபாடு. உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று அளக்காமல் எவரையும் இறக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. மின்விசையைப் பயன்படுத்தும் கூடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கையைப் புதிய சட்டம் 10லிருந்து 20 ஆக உயர்த்தியுள்ளது. அதனால், நமது சிறு பட்டறைகள் பலவும் அந்த வரம்புக்கு வெளியே போகக்கூடும். அங்கெல்லாம் ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க இயலாது. வாயுவை அளக்கும் கருவியொன்றை வாங்கி வைப்பதும், 'இறங்கமாட்டேன்' என்று சொல்லும் தொழிலாளரை மறுநாளும் வேலைக்கு அழைப்பதும் அந்தந்த முதலாளியின் கையில்தான் இருக்கின்றன.