37 டிகிரியில் திறக்கும் பூட்டு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. வீண் செலவு செய்யாமல் இருப்பது எப்படி என்று நம் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை விட அழகாகச் சொல்லும் கிருமி ஒன்று இருக்கிறது. பெயர் லிஸ்டீரியா.

மண்ணில் இருக்கும். உணவில் ஏறிக்கொண்டால் ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தை இறந்துவிடக்கூடும். 2017-18ல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி, ஆயிரம் பேருக்கு மேல் தாக்கியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்தக் கிருமியின் பின்னாலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் பாஸ்கால் கோசார். 1948ல் பிரான்சில் பிறந்தவர். முதலில் படித்தது வேதியியல். பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் 1986 வாக்கில் லிஸ்டீரியாவைக் கையில் எடுத்தார். அது நம் செல்லுக்குள் நுழைய உதவும் இன்டர்னாலின் என்ற புரதத்தை 1991ல் அவர் குழு கண்டுபிடித்தது.

சரி, மண்ணில் கிடக்கும்போது இந்த ஆயுதங்களெல்லாம் எதற்கு? தேவையில்லை! முக்கியமான ஆயுத ஜீன்களுக்கு மெயின் ஸ்விட்ச், பி.ஆர்.எஃப்.ஏ. என்ற புரதம். குளிரில் இந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ. நகல் தயாராகவே இருக்கிறது, ஆனால் புரதம் மட்டும் உருவாவதில்லை. ஏன்?

2002ல் கோசார் குழு விடை சொன்னது. குளிரில் அந்த ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி தன்மேலேயே மடிந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உட்கார வேண்டிய இடத்தை மூடிவிடுகிறது. 37 டிகிரி செல்சியஸில் மடிப்பு பிரிகிறது. அதாவது நம் உடம்புச் சூடுதான் சாவி!

இதை உறுதிசெய்ய அவர்கள் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த ஆர்.என்.ஏ. துண்டுக்கான ஜீன் பகுதியை, பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீனோடு ஒட்டி, ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவில் வைத்தார்கள். சூட்டில் ஒளிர்ந்தது, குளிரில் ஒளிரவில்லை. மடிப்பு எளிதில் பிரியும்படி மாற்றியபோது லிஸ்டீரியா குளிரிலேயே ஆயுதம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

2007ல் ராபர்ட் காக் பரிசு, 2013ல் பால்சான் பரிசு என்று விருதுகள் வந்தன.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்ததால் மட்டும் கிருமி செத்துவிடாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால், மிச்ச உணவை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.